விளையாட்டு என்னும் மருந்து

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அதன்மேல் அமைந்த ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் நிறைந்துள்ளன. தோட்டத்தின் ஓரங்களில் சிறுவர் கூடி விளையாடுவர். உதிர்ந்த இலை அவர்களுக்கு உண்கலம் ஆகும், மண் சோறாகும், கூழாங்கல் காசாகும். ஒருத்தி தாயாவாள், ஒருவன் கடைக்காரன் ஆவான். இடிக்கு அஞ்சும் சிறுமி ஒருத்தி தன் மரப்பாச்சியை மடியில் கிடத்தி, "அழாதே, இடி போய்விடும்" என்று தேற்றுவாள்.

காண்போர்க்கு இது வெறும் விளையாட்டு. உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அச்சிறுமி தன் அச்சத்தை மரப்பாச்சியின்மேல் ஏற்றிவிடுகிறாள். பிறகு அதனைத் தேற்றுகிறாள். அவ்வாறு தேற்றும்போது தன்னையே தேற்றிக்கொள்கிறாள். விளையாட்டு வழி மருத்துவம் என்னும் முறைக்கு அடிப்படை இதுவே.

வளர்ந்தவர்கள் துன்பம் நேர்ந்தால் பிறரிடம் சொல்லி ஆறுதல் பெறுவர். குழந்தைக்கோ உள்ளத்தில் இருப்பதைச் சொல்லும் சொல்வன்மை இன்னும் கைவரவில்லை. தாயை இழந்த குழந்தை, அடியும் வசையும் பெற்று வளரும் குழந்தை, வெள்ளத்திலோ தீயிலோ சிக்கி மீண்ட குழந்தை, இவர்கள் பேச்சடங்கி ஒதுங்குவதுண்டு, காரணமின்றிச் சினங்கொள்வதுண்டு, இரவில் அலறி எழுவதுண்டு. பெரியோர் சிலர் இதனைப் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் எண்ணித் தண்டிப்பர். உள்ளே புண் இருக்க, வெளியே அடிப்பதால் பயன் என்ன?

சொல்லால் கூற இயலாததைக் குழந்தை விளையாட்டால் கூறும் என்பதை மருத்துவர் சிலர் சென்ற நூற்றாண்டில் உணர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மார்கரெட் லோவன்ஃபெல்டு என்னும் பெண் மருத்துவர். அவர் 1928-ஆம் ஆண்டில் இலண்டனில் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். அங்கே சிறு மனிதர், விலங்கு, வீடு, மரம் முதலிய பொம்மைகளும், மணல் நிரப்பிய தட்டுகளும் இருந்தன. குழந்தைகள் பொம்மைகளை மணலில் வைத்துத் தமக்கென ஓர் உலகையே அமைத்தனர். வீட்டைச் சுற்றி வாயில் இல்லாத வேலி அமைக்கும் குழந்தை, "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லவில்லை. ஆயினும் அவ்வேலி அதனைச் சொல்லக்கூடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்னும் அம்மையார் இத்துறை பற்றி 1947-இல் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தையை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளவேண்டும். விளையாட்டில் குழந்தையே முன்செல்ல, பெரியவர் பின்செல்லவேண்டும். விரைவு படுத்தலாகாது என்பன அவர் வகுத்த நெறிகளுட் சில. எனினும் கட்டுப்பாடே இல்லை என்பதன்று. தன்னையும் பிறரையும் துன்புறுத்தலாகாது என்னும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குழந்தை உரிமையோடு விளையாடும்.

இம்மருத்துவத்தில் குழந்தை வாரந்தோறும் குறித்த நேரத்தில், பழகிய அறைக்கு, அறிந்த ஒருவரிடம் வரும். நாளை என்ன நேருமோ என்று நடுங்கிய உள்ளத்திற்கு அந்த ஒழுங்கே பாதி மருந்து. பதின்பருவத்தினர் பொம்மையோடு விளையாட நாணுவர். அவர்களுக்குக் களிமண், ஓவியம், நாடகம், கட்டத்தில் ஆடும் ஆட்டம், குழு விளையாட்டு ஆகியவை துணையாகும். கை வேலையில் ஈடுபட்டிருக்கும்போது வாய் தானே திறப்பதுண்டு.

தனிக் குழந்தைக்கு மட்டுமன்றி, ஊரே துன்புற்ற காலத்திலும் இம்முறை உதவியுள்ளது. இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழ் வழங்கும் ஊர் மட்டக்களப்பு. 1983 முதல் 2009 வரை அந்நாட்டில் நடந்த போரில் அவ்வட்டாரக் குழந்தைகள் பலர் பெற்றோரையும் வீட்டையும் இழந்தனர். தமிழருக்கும் முசுலிம்களுக்கும் இடையே பகையும் மூண்டது. அந்நிலையில் 1996-இல் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகன் என்பவரும், இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் அங்கே ஒரு பூங்காவை அமைத்தனர். வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தாங்கியது அது. இரு சமூகக் குழந்தைகளும் பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் சேர்ந்து மண் பிசைந்தனர்; வண்ணம் தீட்டினர்; கதை கட்டினர்; நாடகம் நடித்தனர்; செடிகளையும் விலங்குகளையும் பேணினர். "உனக்கு நேர்ந்ததைச் சொல்" என்று வற்புறுத்தாமல், தானாக வரும் சொல்லுக்குப் பொறுமையோடு காத்திருப்பதே அத்தகைய பணியின் உயிர்நிலை.

தமிழகக் கரையும் அத்தகைய துயரைக் கண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களைத் தாக்கியது. அப்போது பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிலையத்தார் தமிழ்நாட்டிற்கு வந்து தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஓவியம், கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றின் வாயிலாகக் குழந்தைகளை அணுகும் வகை கற்பிக்கப்பட்டது.

விளையாட்டு இழந்தாரை மீட்டுத் தராது. அடிக்கும் கை அடித்துக்கொண்டே இருக்குமாயின், விளையாட்டு மட்டும் புண்ணை ஆற்றாது. முதலில் அக்கை நிற்கவேண்டும். உணவும் பாதுகாப்பும் அன்பும் அமைந்த இடத்திலேதான் இம்மருந்து வேலை செய்யும்.

விளையாடுதல் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதனை 1992-இல் ஏற்றுக்கொண்டது. இன்று மனத்துயருக்கு உதவி நாடுவோர் 14416 என்னும் எண்ணிலும், துன்புறும் குழந்தைகள் 1098 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். ஏற்காட்டு மலைச் சிறுவர்க்கும் சேலத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உடல் நோய்க்கு மருத்துவரை நாடுவது இழுக்கன்று. உள்ளத்து நோய்க்கு நாடுவதும் அத்தகையதே.

மருத்துவம் கற்றவரே செய்யத்தக்க பணி ஒருபுறம் இருக்கட்டும். எல்லோரும் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பள்ளி ஆடுகளத்தின் ஓரத்தில் தனித்து நிற்கும் ஒருவனை, ஏன் என்று கேட்டுத் துளைக்காமல், "வா, எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைகிறது" என்று அழைப்பதே அது. அவ்வழைப்புக்காக அவன் நெடுநாள் காத்திருந்திருக்கலாம்.