தாய்மாரின் குருதிச் சோதனையும் மலைநாடும்

கண்டி மலைத்தோட்டங்களுக்கு நோய்ச் சோதனை புதியதன்று. 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். தொழிலாளரின் மலத்தைச் சோதித்து மருந்தூட்டினர். ஆயினும் மலகூடமற்ற லயங்களில் வாழ்ந்தோரைப் புழு மீண்டும் பற்றியது. வந்து போகும் இயக்கத்தினும், வீடுதேடி வருவோரே வேண்டற்பாலர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 1926இல் களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவு இந்நெறியிலேயே அமைந்தது. அதன்வழி வந்தவரே இன்றைய மருத்துவமாது.

இலங்கையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது. சிபிலிசு எனும் மேகநோயோ பழையது. இவ்விரண்டும் தாயிடமிருந்து கருவிலுள்ள சேய்க்குச் செல்வன. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தாய்மார் நூற்றுவருள் 15 முதல் 45 பேரின் குழந்தைகளைத் தொற்று அடையும். மருந்துண்டால் இத்தொகை 5க்கும் கீழே இறங்கும். சிபிலிசுக்கோ பெனிசிலின் ஊசியே போதும். காலந்தாழ்த்தாது அறிதலே இன்றியமையாதது.

அறிவதற்குத் தடை நாணமே. பால்வினை நோய் மருத்துவமனைக்கு ஒரு பெண் தனித்துச் சென்றால், மாலைக்குள் லயமெங்கும் அப்பேச்சாகிவிடும். கர்ப்பிணி கிளினிக்கிலோ அனைவரும் குருதி கொடுக்கின்றனர், எவரும் சுட்டப்படுவதில்லை. குருதிவகை முதலியவற்றை அறியும் சோதனைகளோடு இவ்விரு சோதனைகளும் சேர்ந்தமை, பிரசாரத்தினும் பெரும்பயன் விளைத்தது எனலாம். 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், தாய்சேய்த் தொற்றாக இவ்விரு நோய்களையும் இலங்கை ஒழித்ததெனச் சான்றளித்தது. கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 95 பேரேனும் சோதிக்கப்படுதல் அச்சான்றுக்குரிய விதிகளுள் ஒன்று.

எஞ்சிய ஐவர் யாவர் என்பதே வினா. மடுல்கெல்ல போன்ற மலையூர்களில் நாட்கூலி பெறும் பெண்ணுக்குக் கிளினிக் செல்லும் நாள் கூலியிழந்த நாளாகவும் கூடும். தாய்மையுற்ற செய்தியை எட்டு வாரத்துக்குள் மருத்துவமாதுவிடம் தெரிவித்தல் நன்று. மாமியாரிடமே சொல்லக் கூசும் புதுமணப் பெண் அதனை எவ்வாறு தெரிவிப்பாள்? தமிழ் தெரியாத உத்தியோகத்தரிடம் ஐயம் வினவுதலும் எளிதன்று. ஆதலின் அம்மலைகளில் சோதனையைப் பரப்பும் பணி, சுவரொட்டியினும், கொழுந்தெடுக்கும் பெண்களிடையே அவர்தம் மொழியில் பேசுவதையே சார்ந்துள்ளது.

கணவனையும் மறத்தலாகாது. மனைவிக்கு மட்டும் பெனிசிலின் இட்டு, நோயுற்ற கணவனை விட்டுவிட்டால், சிபிலிசு அவளை மீண்டும் பற்றும். மாத்தளையில் புழு மீண்டதும் இவ்வாறே. ஆயின் கர்ப்பிணி கிளினிக்கின் வாயிலில் ஆடவரைக் காண்பது அரிது.