மாடக்குளக்கீழ் மதுரை

பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் மதுரை தனிப்பெயராக வருவதில்லை. 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றே வரும். கீழ் என்னும் சொல் கிழக்குத் திசையைக் குறிக்கும். பாசன வழக்கில் ஒரு குளத்து நீர் பாயும் நிலப்பரப்பையும் அதுவே குறிக்கும். எப்பொருள் கொண்டாலும் ஒன்று தெளிவு. அன்று அரண்மனை இருந்த நகருக்கு ஓர் ஏரி முகவரியாக இருந்தது. இன்று அந்த ஏரியைத் தேடிப் போகிறவர், பழங்காநத்தத்துக்கு எப்பக்கம் என்று கேட்டுத்தான் போகவேண்டும்.

வடக்கே ஏரி என்பதைத் தென்பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். மதுரைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகையோ மழைக்குப் பெருகி வெயிலுக்கு வற்றும் ஆறு. இந்நிலையில் சில நாள் மழையைப் பல மாதப் பயிராக மாற்றும் கருவியே கண்மாய். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவாகக் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுவர். வரத்துக்கால் வழி வந்த நீர் நிறைந்ததும், மிகுதி கலுங்கில் வழிந்து அடுத்த கண்மாய்க்கு இறங்கும். பாலமேட்டுக்கு வடக்கே மலையடியில் தோன்றும் சாத்தையாறு இவ்வாறு கண்மாய் கண்மாயாகக் கடந்து வண்டியூர்க் கண்மாயை அடைகிறது. வைகையே பெரும்பாலும் கடலைக் காண்பதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது.

பழங்கண்மாய்களின் குமிழித்தூம்பைச் சற்று அருகில் சென்று பார்க்கவேண்டும். நீருக்கு நடுவே இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கக் குறுக்கே கற்கள் இருக்கும். அடியில் ஒரு கற்றொட்டி. தொட்டியின் மேல்மூடியில் உள்ள துளை நீரோடி. தரையை ஒட்டிப் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் சேறோடி. மேல்துளையின் அடைப்பை எடுத்ததும் நீர் விசையோடு இறங்கும். அவ்விசை அடியில் படிந்த வண்டலையும் சேறோடி வழியே இழுத்துக்கொண்டு வயலுக்குப் போகும். நீரைத் திறக்கும் வேலையும் தூர் எடுக்கும் வேலையும் ஒரே அடைப்பில் முடிந்தன. எஞ்சிய வண்டலைக் கோடையில் உழவர் வண்டிகளில் அள்ளிச் சென்றனர். கரம்பை என்பது அதன் பெயர். பணம் கொடாமல் கிடைத்த உரம்.

கரம்பை வெறும் மண்ணன்று. மேட்டு நிலத்திலிருந்து அடித்து வந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருந்தன. கண்மாய்க்குள் வந்த சத்து அங்கே தங்காமல் வயலுக்குத் திரும்பியது. ஆகவே ஒரு கண்மாய்க்கு இரண்டு கணக்குகள் உண்டு என்பேன்: ஒன்று நீர்க்கணக்கு, மற்றொன்று சத்துக்கணக்கு. மதுரையின் ஏரிகளில் இவ்விரண்டும் தலைகீழாயின. வரவேண்டிய நீர் வருவதில்லை. வரக்கூடாத சத்து வந்து குவிகிறது.

நீர்க்கணக்கு ஒரே நாளில் முறியவில்லை. ஊரார் கூடிக் கரை கட்டிய குடிமராமத்து வழக்கம், 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய உழைப்பாக எழுத்தில் ஏறியது. கண்மாய்கள் மெல்ல மெல்ல அரசின் உடைமையாகக் கருதப்பட்டன. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக்கின் அணை பெரியாற்று நீரை மலைகுடைந்து இப்பக்கம் திருப்பியது. 1959-இல் வைகை அணை எழுந்தது. பெரியாறு வராதிருந்தால் மேலூர்ப் பக்கத்து வயல்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை நினைத்தால், அவ்வணைகளைக் குறைசொல்ல நா எழாது. ஆயினும் தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும் அருகிலிருந்த நீரின்மேல் இருந்த அக்கறை குறைந்தது. குழாயும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின், நகரத்தாருக்குக் கண்மாய் என்பது விலைபோகாத வெற்றிடமாகவே தோன்றிற்று.

வெற்றிடம் நிரம்பத்தானே வேண்டும்? தல்லாகுளத்தில் கண்மாயைத் தேடுவோர்க்கு மாநகராட்சி மாளிகையே கண்ணில் படும். உலகனேரிக் கண்மாய் நிலத்தில் 2004-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்னும் ஆணைகள் பல இன்று அங்கிருந்தே பிறக்கின்றன. துவரிமான் கண்மாயில் தோன்றி நகரின் ஊடே ஓடிய கிருதுமால் ஆறு, சாக்கடையாய்ச் சுருங்கிவிட்டது. அதை ஆறு என்று சொன்னால் இளைஞர் நம்புவதில்லை.

இனிச் சத்துக்கணக்கு. 1973-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் டேவிட் சிண்ட்லர் என்னும் அறிவியலார் ஒரு சிற்றேரியைத் திரையால் இரண்டாகத் தடுத்தார். ஒரு பாதியில் கரியமும் தழைச்சத்தும் இட்டார். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார். முதற்பாதி தெளிவாகவே இருக்க, மறுபாதி பாசி படர்ந்து பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அப்படம் உலகெங்கும் பரவியது. ஒரு கிலோ மணிச்சத்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோ பாசியை வளர்க்கும் என்பர். செத்த ஏரி என்று 1960-களில் பேசப்பட்ட ஈரி என்னும் பேரேரி, 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்பாட்டால் மணிச்சத்து குறைந்து தேறியது. பின்னர் வயல் உரம் மிகுதியாய் வந்து சேர்ந்து பாசி மீண்டும் படர, 2014 ஆகஸ்டில் அவ்வேரி நீரைப் பருகும் அமெரிக்காவின் தொலேடோ நகரத்தார் குழாய் நீரைக் குடிக்கவேண்டா என்று தடுக்கப்பட்டனர். அந்நாட்டுச் செல்வமும் ஆய்வகங்களும் இருந்தும் அந்நிலை.

இதைக் காட்ட மதுரையின் செல்லூர்க் கண்மாய்க்கு எந்தத் திரையும் வேண்டியதில்லை. வீட்டுக் கழிவுநீரும் சலவைத்தூள் நுரையும் வந்து சேரும் கண்மாய்களில் ஆகாயத்தாமரை தானே பரவிவிடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். இலைக்காம்பு வெங்காயம்போல் புடைத்திருக்கும். அழுத்தினால் பஞ்சாய் அமுங்கும். உள்ளே முழுதும் காற்று. கீழே கருவேர்க் கற்றை சேறு சொட்டத் தொங்கும். அமேசான் காட்டு நீரில் பிறந்த இச்செடி, ஊட்டம் மிகுந்த நீரில் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். அது விரித்த பாய்க்குக் கீழே ஒளி புகாது. அழுகும் இலைகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனாலேயே. திறந்த நீர்ப்பரப்பைவிட இச்செடி மூடிய பரப்பிலிருந்து மிகுதியான நீர் ஆவியாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர்க் கண்மாயின் மிகுதி நீரை வைகைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பந்தல்குடி வாய்க்கால் அதைத் தாங்கவில்லை. தெருக்களில் முழங்காலளவு நீர், வீடுகளுக்குள் சாக்கடை. மழை மிகுதிதான். ஆனால் அந்நீர் தன் பழைய வழியில்தான் வந்தது. வழியில் நாம் குடியிருந்தோம்.

இப்போது ஏரிகளை அழகுபடுத்தும் பணிகள் நடக்கின்றன. கரையில் நடைபாதையும் விளக்கும் அமைவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரத்துக்காலைத் தூர்த்துவிட்டுக் கரைக்கு வண்ணம் பூசுவது, பட்டினி கிடப்பவனுக்குப் பட்டாடை உடுத்துவது போன்றது. முதலில் கழிவுநீரைத் தடுக்கவேண்டும். அடுத்து வாய்க்காலை மீட்கவேண்டும். விளக்குக் கம்பம் அதற்குப் பின்.

இது ஆகாத காரியம் என்போர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் செல்லலாம். 1645-இல் திருமலை நாயக்கர் கட்டிய அக்குளம் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. இளைஞர் அதில் மட்டைப்பந்து ஆடினர். நீரில்லாத ஆண்டுகளில் தைத் தெப்பம் நிலையாகவே நின்றது. அண்மை ஆண்டுகளில் பனையூர் வாய்க்காலைச் சீரமைத்து வைகை நீரைத் திருப்பிவிட்டனர். குளம் நிறைந்தது, தெப்பம் நீரில் மிதந்தது.