பீரோவுக்குள் பூக்கும் பூசணம்! மழைக் காலத்தில் நாசமாகும் லெதர் ஷூக்கள்

சென்னை.

அண்ணன் கல்யாணத்துக்கென்று ஆசை ஆசையாக வாங்கிய ஷூ. விலை 4 ஆயிரம் ரூபாய். காலில் போட்டது இரண்டே நாள். பிறகு அட்டைப் பெட்டியில் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் சுற்றி, பரண் மேல் ஏற்றியாகிவிட்டது.

அடுத்த தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பெட்டியை இறக்கித் திறந்தால் கறுப்பு ஷூ வெள்ளையாக இருக்கிறது! சாம்பலைத் தூவியது போல பூசணம். சரி போகட்டும் என்று துடைத்து மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தால், அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. வரவேற்புக்கு வந்த சம்பந்தி வீட்டார் எதிரில் மானம் போகிறது.

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. திருவொற்றியூரில் இருந்து திருவான்மியூர் வரை வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதி. கடலோர ஊர். வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் டிசம்பர் வரை சுவரே கசிகிறது. பீரோவுக்குள் இருக்கும் ஷூ எந்த மூலைக்கு?

ஆபீஸ் குமாஸ்தாவுக்கும், சேல்ஸ்மேனுக்கும், வேலைக்கு இன்டர்வியூ போகும் பையனுக்கும் ஒரு ஜோடி நல்ல ஷூ என்பது பாதி மாதச் செலவு. அதைக் காப்பாற்ற அதிகக் காசு தேவை இல்லை. விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

தோல் என்ன செய்யும்?

லெதர் என்பது பதப்படுத்திய தோல். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டு ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். இன்று ஷூவின் மேல் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதமாகிறது. எப்படிப் பதப்படுத்தினாலும் தோலுக்குள் நுணுக்கமான நார்கள் பின்னிக்கிடக்கின்றன. அந்த நார்களுக்கு நடுவே எண்ணெய்ப் பசை இருக்கும் வரை தோல் வளைந்து கொடுக்கும். பசை போனால் விறைக்கும். விறைத்த தோலை மடக்கினால் வெடிக்கும்.

காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் தோலில் பூசணம் பிடிக்க வழி பிறந்துவிடும். இருட்டு, காற்றோட்டம் இல்லாத இடம், காலின் வியர்வை மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பரண் மேல் பிளாஸ்டிக் பைக்குள் வைப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பது போலத்தான்.

இதை ஆராய்வதற்கென்றே நமது ஊரில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1985 ஜூன் 23-ந் தேதி அட்லாண்டிக் கடல் மேல் குண்டு வெடித்துச் சிதறிய ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானத்தில் பலியான விஞ்ஞானி நாயுடம்மா, இந்த நிலையத்தின் டைரக்டராக இருந்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மேற்கே போனால் ஊர் ஊராகத் தோல் தொழில். ஆம்பூர் என்றால் பிரியாணி மட்டும் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் விற்கும் ஷூக்கள் அங்கே தைத்து கப்பல் ஏறுகின்றன. (பாலாறு கெட்ட கதை தனி. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வரை போன விவகாரம் அது.)

இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், ஷூவை எப்படி வைப்பது என்பது நமக்குத் தெரியவில்லை!

கழற்றியவுடன் மூடாதீர்கள்

முதல் தப்பு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி நேராக அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது.

மனிதனின் இரண்டு பாதங்களிலும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எலெக்ட்ரிக் ரெயிலில் நெருக்கியடித்துக்கொண்டு தாம்பரத்தில் இருந்து பீச் வரை போய்த் திரும்பினால், அந்த வியர்வை அத்தனையும் ஷூவின் உள்தோலில்தான் இறங்குகிறது. ஒரு ராத்திரியில் அது முழுசாகக் காயாது. அதனால்தான் ஒரே ஷூவைத் தினமும் போடக்கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு என்கிறார்கள். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றாக வாங்கித் தேய்ப்பதைவிட அதிக நாள் வரும். இரண்டாவது ஜோடிக்கு வசதி இல்லாதவர்கள், ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் ஷூவின் வாயை அகலத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வெளிநாட்டில் ஷூவுக்குள் வைக்க 'ஷூ ட்ரீ' என்று கால் வடிவத்தில் மரக்கட்டை விற்கிறார்கள். சிடார் மரத்தில் செய்தது. ஈரத்தை இழுக்கும், நாற்றத்தைப் போக்கும், மடிப்பு விழுந்த தோலை நிமிர்த்தி வைக்கும். நம் ஊரிலும் இப்போது கிடைக்கிறது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

அதற்குப் பதில் படித்து முடித்த மாலைப் பேப்பர் போதும்! கசக்கி, முன்பக்கம் விரல் நுனி வரை திணித்து வையுங்கள். ஈரத்தை உறிஞ்சிவிடும். ஷூவின் உட்புறம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தால் மட்டும், மை ஒட்டாமல் இருக்க வெள்ளைத்தாளைச் சுற்றித் திணிக்க வேண்டும்.

வெயில் வேண்டவே வேண்டாம்

நனைந்த ஷூவை மொட்டை மாடியில் வெயிலில் வைப்பதும், கேஸ் அடுப்புப் பக்கத்தில் சாத்தி வைப்பதும் இரண்டாவது தப்பு. சூட்டில் தண்ணீரோடு எண்ணெய்ப் பசையும் போய், தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். அடிப்பாகத்தை ஒட்டிய பசையும் இளகும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் ஷூவைப் பூட்டி வைப்பதும் இதே கதைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 'மிச்சாங்' புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை வீட்டில் செருப்பு அலமாரியே மிதந்தது! அப்படி நனைந்தால் செய்ய வேண்டியது இதுதான்: சேறு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, பேப்பர் திணித்து நிழலில் வைக்க வேண்டும். பேப்பர் ஊறியதும் எடுத்துவிட்டு வேறு பேப்பர் வைக்க வேண்டும். முழுசாகக் காய இரண்டு, மூன்று நாள்கூட ஆகும். காய்ந்த பிறகு கிரீம் தடவினால் தோல் பிழைத்துக்கொள்ளும். சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஊறிய ஷூவை மட்டும் ஆசைப்படாமல் தூக்கிப் போட்டுவிடுவது உத்தமம்.

எல்லா வெள்ளையும் பூசணம் அல்ல

ஷூ மேல் வெள்ளை படிந்தால் பதற வேண்டாம். சில சமயம் தோலுக்குள் இருக்கும் கொழுப்பே மேலே வந்து வெள்ளையாகப் படியும். முடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டினால் அது உருகி மறைந்துவிடும். பூசணம் மறையாது. புழுக்க நாற்றமும் காட்டிக்கொடுத்துவிடும்.

பூசணம்தான் என்று தெரிந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளே வைத்துத் தட்டினால் அதன் தூள் பறந்து பக்கத்து ஷூவிலும் ஒட்டும். பிறகு வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து, உள்ளும் புறமும் துடைக்கலாம். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மறைவான இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நிழலில் காற்றாட விட வேண்டும். துடைத்த துணியைக் குப்பையில் போடவும். அலமாரியையும் துடைக்காவிட்டால் இரண்டே வாரத்தில் மறுபடி பூக்கும்!

அந்துருண்டை போட்டிருக்கிறேனே என்பார்கள். அந்துருண்டை பூச்சியை விரட்டும். ஈரத்தை உறிஞ்சாது. புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உறிஞ்சும், ஆனால் சின்னப் பொட்டலம் சீக்கிரமே நிரம்பிவிடும். வருஷக்கணக்கில் அதையே நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மழை இல்லாத நாளில் வாரம் ஒரு தடவை அலமாரிக் கதவைத் திறந்து வைப்பது இதைவிட மேல். பிளாஸ்டிக் பைக்குப் பதில் பழைய வேட்டித் துணியில் பை தைத்துப் போடலாம்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பழைய தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி மிருதுவாக்குவது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். கனமான தோல் செருப்புக்கு அது சரி. பாலிஷ் போடுகிற ஷூவுக்கு எண்ணெய் ஆகாது. நிறம் கறுக்கும், தூசி அப்பும், அதன் மேல் பாலிஷும் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு நாற்றம் வேறு.

தோலுக்குச் சாப்பாடு கிரீம். பளபளப்பு தருவது டப்பா பாலிஷ், அதாவது மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை இலையில் இருந்து எடுக்கும் 'கார்னோபா' மெழுகு பல பாலிஷ்களில் சேருகிறது. முதலில் தூசியைத் தட்டிவிட்டு, கிரீம் தடவி ஊறவிட்டு, பிறகு மெழுகைத் துளியாக எடுத்துத் தேய்ப்பதுதான் முறை. தூசி மேலேயே அப்பினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். ஸ்பாஞ்சில் வரும் 'இன்ஸ்டன்ட் ஷைன்' பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். மின்னும், ஆனால் தோலுக்கு ஒன்றும் போகாது.

ரெக்சினுக்கு இதெல்லாம் வீண். பிளாட்பாரத்தில் "பஸ்ட் கிளாஸ் லெதர் சார்" என்று நீட்டினால், வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி மேல் ஒரு படலம் ஒட்டியது போல இருந்தால் போலி. அது ஒரு நாள் உரிந்தே தீரும்.

வாசலில் வைத்தால்...

உள்ளே இடம் இல்லை என்று அடுக்குமாடி வாசலில் ஷூ ஸ்டாண்டு வைக்கிறோம். திருடனுக்கு வசதி. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 303-வது பிரிவின்படி, 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் தடவை சிக்கியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான்.

திருடனைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மழைக் காலத்தில் புறநகர்ப் பகுதிகளில் பாம்பும் தேளும் ஷூவுக்குள் சுருண்டுகொள்கின்றன. கையை உள்ளே விடாமல், கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ என்றால் பெரியவர்களே தட்டிக் கொடுப்பது நல்லது. கடித்துவிட்டால் பச்சிலை, மந்திரம் என்று நேரத்தைக் கடத்தாமல் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உதிரும் அடிப்பாகம்

கல்யாண ஷூவின் அடிப்பாகம் உதிர்ந்ததே, அது என்ன? பி.யூ. என்கிற பாலியூரித்தேன் அடி அது. லேசாக இருக்கிறது என்று பலரும் விரும்பி வாங்குகிறார்கள். காற்றில் உள்ள ஈரமே வருஷக்கணக்கில் அதை உள்ளுக்குள் அரித்துவிடும். போட்டாலும் அரிக்கும், போடாமல் பெட்டியில் வைத்தாலும் அரிக்கும். பூட்டி வைத்தது சில சமயம் முந்திக்கொள்ளும்! பத்திரப்படுத்த நினைப்பவர்கள் ரப்பர் அடியோ, தைத்த தோல் அடியோ பார்த்து வாங்குவது நல்லது.

உதிர்ந்தாலும் மேல் தோல் நன்றாக இருந்தால் எறிய வேண்டாம். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டுப் பக்கம் தோலும் ஷூ சாமான்களும் விற்கும் கடைகள் உண்டு. அடிப்பாகம் வாங்கிக் கொடுத்தால், தெருமுனையில் குடைக்கு அடியில் குத்தூசியோடு உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் தொழிலாளியே மாற்றிக் கொடுப்பார். ஒட்டுவதோடு விடாமல் சுற்றித் தையலும் போடச் சொல்லுங்கள். கேட்கும் கூலியில் பேரம் பேசுகிறவர்கள், புது ஷூவின் விலையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். பசை இறுக ஒரு ராத்திரியாவது வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே மாட்டிக்கொண்டு பஸ்சுக்கு ஓடினால், மறுபடியும் வாயைப் பிளக்கும்.