கொரியாவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் சங்க அன்பர்களின் வீடுகளில் முன்பெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர் என்ற பெயர்கள்தாம் அடிபடும். இப்போது தென் கொரியாவும் சேர்ந்துகொண்டது. இதில் வியப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் நிறுவனம் கால்கோள் செய்தது 1996-ல். 1998-ல் அங்கிருந்து முதல் கார் வெளிவந்தது. அதே காலத்தில் பெங்களூரிலும் கொரிய மின்னணு நிறுவனங்கள் மென்பொருள் ஆராய்ச்சிக் கூடங்களைத் திறந்தன. அவர்கள் இங்கே வந்தார்கள். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். என் மகனும் சுவோன் என்ற நகரில் பணிபுரிகிறான். 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, 83 நாட்கள், நானும் என் மனைவியும் அவன் வீட்டில் தங்கிவிட்டு வந்தோம்.

திரும்பி வந்தபின் பலரும் கேட்ட கேள்விகள் ஒன்று போலவே இருந்தன. விசா எப்படி, சாப்பாடு எப்படி, குளிர் தாங்குமா என்பவை அவை. பாணசவாடியில் வசிக்கும் நண்பர் ஒருவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "வீட்டை விற்றுவிட்டு மகனோடு அங்கேயே போய் இருந்துவிடலாமா?" என்றார். எல்லாக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விடை தருகிறேன். நண்பரின் கேள்வி கடைசியில் வரும்.

விசாவும் நம் இனிஷியலும்

இந்தியர்கள் கொரியாவுக்கு விசா பெற்றுத்தான் செல்ல வேண்டும். பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்குக் கிடைப்பது குறுகிய கால விசா. அதிகபட்சம் 90 நாட்கள். பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவருடைய வேலைச் சான்று, நமக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று ஆகியவை வேண்டும்.

இந்த உறவுச் சான்றில்தான் தமிழர்களுக்குத் தொல்லை. கொரியாவில் கிம், லீ, பார்க் என்று குடும்பப் பெயர் உண்டு. அது தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. திருமணமான பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே கணவன் மனைவிக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் இருந்தால் அவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றாது. தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு பெயர் இருந்தால்தான் புருவம் உயரும். நமக்கோ தந்தையின் பெயர் மகனுக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே கடைசிப் பெயராகிவிடுகிறது. எனவே மகனின் பிறப்புச் சான்றிதழில் உள்ள நம் பெயரும், நம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வேறுபட்டால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து வைப்பது நல்லது.

குறுகிய காலம் தங்குகிறவர்களுக்கு அந்நாட்டின் தேசிய மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆகவே இங்கிருந்தே பயணக் காப்பீடு எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றுக்கான மாத்திரைகளை, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டுடன் கொண்டு செல்லுங்கள். அவசர மருத்துவ உதவிக்கும் தீயணைப்புக்கும் 119, காவல்துறைக்கு 112, ஆங்கிலத்தில் வழி கேட்க 1330. இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

மின்சாரம், தரைச்சூடு, குளிர்

மகன் வீட்டுக்கு மிக்ஸி கொண்டுபோகலாமா, கிரைண்டர் கொண்டுபோகலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அங்கே மின்னழுத்தம் 220 வோல்ட், நம்முடையது 230. இது ஒரு பொருட்டல்ல. ஆனால் நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அவர்களுடையது 60. மிக்ஸியின் மோட்டார் இதைப் பொருட்படுத்தாது. வெட் கிரைண்டரில் உள்ளது இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகம் சுழற்சியைப் பொறுத்தது. அங்கே அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். மாவு சூடாகும், மோட்டாரும் சிரமப்படும். கிரைண்டரை இங்கேயே விட்டுவிடுங்கள்.

குளிரைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கொரிய வீடுகளின் பெரிய வசதி 'ஓந்தோல்' என்னும் தரைச்சூடு. பழங்காலத்தில் அடுப்படியின் நெருப்பும் புகையும் அறைத் தரையின் கற்பலகைகளுக்கு அடியில் உள்ள பாதைகள் வழியே சென்று, மறுபுறம் புகைபோக்கியில் வெளியேறும். சமைத்த நெருப்பே வீட்டையும் சூடாக்கியது. இன்று தரைக்கு அடியில் குழாய் பதித்து வெந்நீரை ஓட விடுகிறார்கள். சூடு கீழிருந்து மேலே எழுவதால் பாதமும் முழங்காலும் முதலில் இதம் பெறுகின்றன. மூட்டு வலிக்காரர்களுக்கு இது வரம். என் மனைவி தரையில் பாய் விரித்துப் படுத்ததும், இரண்டாம் வாரத்திலேயே தைலப் புட்டியை மறந்துவிட்டார். காற்று உலர்ந்துபோகும் என்பதால் இரவில் ஒரு ஈரத்துண்டை அறையில் தொங்கவிட வேண்டும்.

1991-ல் அங்கே ஒரு கொதிகலன் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. கிராமத்தில் குளிரில் இருக்கும் வயதான பெற்றோரைக் காட்டி, மருமகள் தன் கணவனிடம் மாமனார் வீட்டுக்கும் ஒரு கொதிகலன் பொருத்தித் தர வேண்டும் என்று சொல்வதுதான் அதன் சாரம். பிள்ளைகள் நகரத்திலும் பெற்றோர் ஊரிலும் என்ற நிலை நமக்கு மட்டும் உரியதல்ல.

நவம்பர் 27, 28 தேதிகளில் சுவோனில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டியது. நவம்பரில் அது அங்கே வழக்கத்துக்கு மாறானது. வயதானவர்கள் பனி பெய்த மறுநாள் வெளியே போகக்கூடாது. மேலே பூப்போல இருக்கும், அடியில் கண்ணாடிபோல் வழுக்கும். செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடு வரையுள்ள இலையுதிர் காலமே நம் வயதுக்காரர்களுக்கு ஏற்றது.

ரயில்காரன் கண்ணில்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்புப்பாதைப் பிரிவில் காலம் கழித்தவன் ரயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864-ல். கொரியாவின் முதல் ரயில் 1899-ல்தான் ஓடியது. இன்றோ அவர்களுடைய அதிவேக ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 2004-ல் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் தொடங்கி, 2010 முதல் தாங்களே வடிவமைத்த வண்டிகளையும் ஓட்டுகிறார்கள். சியோலிலிருந்து பூசானுக்குச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டோம். நம் பெங்களூர் மெட்ரோவின் முதல் கட்ட வண்டிகளைப் பி.இ.எம்.எல். கட்டியபோது கூட்டாளியாக இருந்ததும் ஒரு கொரிய நிறுவனம்தான்.

சுவோனிலிருந்து சியோலுக்கு முதலாம் எண் தடத்தில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். சியோல் நிலையத்தை நெருங்கும்போது வண்டியில் விளக்குகள் சில திடீரென அணைந்து, விசிறிகள் ஓயும். பயப்பட வேண்டாம். வெளியே 25,000 வோல்ட் மாறுமின்சாரம். சுரங்கத்துக்குள் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டும் தொடக்கூடாது என்பதால் நடுவில் மின்சாரமே இல்லாத துண்டு ஒன்று உண்டு. வண்டி அதை உருண்டே கடந்துவிடும். இன்னொன்று: அங்கே பழைய ரயில்பாதைகளில் நம்மைப்போல் இடப்புறமும், பெரும்பாலான சுரங்கப் பாதைகளில் வலப்புறமும் வண்டிகள் ஓடுகின்றன. நான்காம் எண் தடத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒரு பாதையை மற்றதன் மேல் முறுக்கிக் கொண்டுபோய்ப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள்!

சாலையில் வாகனங்கள் வலப்புறம் செல்லும். ஆகவே தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். அறுபது வருடப் பழக்கம் கழுத்தை வலப்பக்கம் திருப்பும், கவனம் தேவை.

எழுத்தும் சொல்லும்

கொரிய எழுத்தான ஹங்குலை செஜோங் மன்னர் 1443-ல் அமைத்து 1446-ல் வெளியிட்டார். இன்று அடிப்படை எழுத்துகள் 24 தாம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்பது நம் உயிர்மெய்யை நினைவூட்டும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாம் ஒரே 'க' எழுத்தைச் சொல்லின் முதலில் வல்லோசையாகவும் இடையில் மெல்லோசையாகவும் படிக்கிறோம் அல்லவா? அவர்களும் அப்படியே. இந்த வழக்கம் தமிழருக்குக் கைவந்தது என்பதால் பத்து நாளில் நிலையப் பெயர்களைப் படித்துவிடலாம்.

தந்தையை அவர்கள் அப்பா என்றும், தாயை ஒம்மா என்றும் அழைக்கிறார்கள். புல்லுக்குப் பூல், நாளுக்கு நால். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆயினும் இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பதை இன்றைய மொழியியலாளர் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, கடைத்தெருவில் ஒரு குழந்தை "அப்பா" என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சாப்பாடு

சைவர்கள் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மீன். கிம்ச்சி ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் விழுதோ சேர்கிறது. வெறும் காய்கறி சூப் என்று தருவதிலும் நெத்திலி வேகவைத்த நீர் இருக்கலாம். பிபிம்பாப் என்ற காய்கறிச் சோற்றை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். பௌத்த மடாலய உணவு முழுச் சைவம். வெங்காயம், பூண்டுகூட சேர்ப்பதில்லை. பருப்பு, மசாலா வகைகள் சியோலின் இதேவோன் பகுதிக் கடைகளில் கிடைக்கும். அவர்கள் அரிசி குழைந்து ஒட்டும். தயிர்சாதத்துக்கு அதுவே பொருத்தம்.

சூசொக் என்னும் அறுவடைப் பண்டிகை எங்கள் கண்முன் வந்தது. 2024-ல் அது செப்டம்பர் 17. அன்று அவர்கள் செய்யும் சோங்பியன், அரிசி மாவில் எள், பயறு முதலிய பூரணம் வைத்து, பைன் இலை மேல் ஆவியில் வேகவைத்த பண்டம். சந்தேகமே இல்லை, நம் கொழுக்கட்டைதான்.

பெற்றோரே புறப்பட்டு வரும் வழக்கம்

சூசொக் நாளில் சியோலிலிருந்து ஊருக்குப் போகிறவர்களால் ரயிலும் சாலையும் பிதுங்கும். இந்த நெரிசலைத் தவிர்க்க, ஊரில் உள்ள வயதான பெற்றோரே எதிர்த்திசையில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தத் திசையில் காலியாக ஓடும் ரயில்களில் கட்டணச் சலுகையும் உண்டு.

இதற்கு ஒரு அரச முன்னோடியும் உண்டு. மகன் வேலை பார்க்கும் சுவோன் நகரின் கோட்டையைக் கட்டியவர் ஜியோங்ஜோ மன்னர். அவருடைய தந்தை இளவரசர் சாதோ, 1762-ல் தம் தந்தையான அரசரின் கட்டளைப்படி அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு மாண்டவர். ஜியோங்ஜோ தந்தையின் கல்லறையைச் சுவோன் அருகே மாற்றி, 1794 முதல் 1796 வரை அங்கே கோட்டை எழுப்பினார். சுற்றளவு ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். அறிஞர் ஜியோங் யாக்-யோங் மேலே நான்கு, கீழே நான்கு கப்பிகள் கொண்ட பாரந்தூக்கியை அதற்காக வடிவமைத்தார். அதன் மாதிரியை அங்கே பார்த்தபோது ஒரு மணி நேரம் நகரவில்லை நான். 1795-ல் மன்னர், ஹான் ஆற்றில் படகுகளை அருகருகே நிறுத்திப் பாலம் அமைத்துத் தம் தாயைச் சுவோனுக்கு அழைத்துவந்து, அறுபதாம் ஆண்டு விழா எடுத்தார். எட்டு நாள் பயணம். பிற்காலத்தில் கொரியாவின் முதல் ரயில் புறப்பட்டதும் அந்தப் படகுப் பாலம் அமைந்த நோரியாங்ஜின் கரையிலிருந்துதான்.

ஏன் அறுபது? அவர்கள் நாட்காட்டியில் பத்து, பன்னிரண்டு என இரண்டு சுற்றுகள். அவை சேர்ந்து மீண்டும் தொடக்கத்துக்கு வர அறுபது ஆண்டுகள் ஆகும். நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அவர்களுடைய 'ஹ்வான்காப்' நம் சஷ்டியப்த பூர்த்தியேதான்.

நண்பரின் கேள்வி

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படியான விடை எளிது. வேலை விசாவில் உள்ள நம் பிள்ளை, மனைவியையும் சிறு வயதுக் குழந்தைகளையும் தன்னுடன் குடும்ப விசாவில் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் 90 நாள் விருந்தாளிகள்.

ஆனால் சட்டத்தைவிட முக்கியமானது ஒன்றை அங்கே கண்டேன். சுவோனில் காலை நடையில், என்னைவிட மூத்த ஒருவர் கைவண்டியில் பழைய அட்டைப் பெட்டிகளைச் சேகரித்துத் தள்ளிக்கொண்டு போவார். இத்தனை செல்வம் கொழிக்கும் நாட்டில் இது ஏன் என்று மகனிடம் கேட்டேன். பிறகு தெரிந்துகொண்டது இது. அந்நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர், நடுத்தர வருமானத்தில் பாதிக்கும் குறைவாகப் பெறுகிறவர்கள். வளர்ந்த நாடுகளில் இதுவே மிக அதிகம். தேசிய ஓய்வூதியம் 1988-ல்தான் தொடங்கியதால் அந்தத் தலைமுறையில் பலர் போதிய ஆண்டுகள் சந்தா கட்டவில்லை. உழவுமாட்டை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். அதனால் கல்லூரியை 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று அங்கே கேலியாகச் சொல்வதுண்டு. பிள்ளை பார்த்துக்கொள்வான் என்ற பழைய வழக்கம் தளர்ந்துவிட்டது. புதிய ஏற்பாடு அவர்களுக்கு உரிய காலத்தில் வரவில்லை. நடுவில் அகப்பட்டவர்கள் தள்ளுவண்டியோடு நிற்கிறார்கள்.

நாமும் நிலத்தையும் நகையையும் விற்றுப் படிக்கவைத்தவர்களே. எனக்கு ரயில்வே ஓய்வூதியம் இருக்கிறது; 2004-க்குப் பின் வேலையில் சேர்ந்தவர்களில் பலருக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: வீட்டை விற்காதீர்கள். பிள்ளை நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவனுடைய விசா அவன் வேலையைப் பொறுத்தது. உங்கள் விசா 90 நாளைப் பொறுத்தது. திரும்பிவர ஒரு கதவு பெங்களூரில் இருக்கட்டும். நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் மனைவிக்குப் பேரனை விட்டு இருக்க முடியவில்லை என்கிறார். அந்த ஏக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

போகும்போது விருந்தாளியாகப் போங்கள். காலையில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் முடங்கிக் கிடக்காமல், ரயில் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே கிளம்புங்கள். ரயில்பெட்டியின் கோடியில் முதியோருக்கான இருக்கை காலியாகவே இருக்கும். கூட்டத்திலும் இளைஞர்கள் அதில் உட்காரமாட்டார்கள். தயங்காமல் அமருங்கள். கட்டணம் மட்டும் கொடுத்தாக வேண்டும். 1984 முதல் உள்ள இலவசப் பயணம் அந்நாட்டு முதியோருக்குத்தான், நம்மைப் போன்ற பயணிகளுக்கு அல்ல. மாலையில் மகன் வீடு திரும்பும்போது, அவனிடம் சொல்ல உங்களிடமும் அன்றைய செய்தி ஒன்று இருக்கட்டும்.