பகிடியும் பயணமும்: அல்லைப்பிட்டியிலிருந்து கான் வரை

பிரித்தானிய நகைச்சுவையாளர்கள் பயணத்தையும் சொந்த வாழ்க்கையையும் பகிடியாக எழுதுவது வழக்கம். மைக்கேல் பாலின் 80 நாளில் உலகைச் சுற்றி நூலாக்கினார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன் ரொமேஷ் ரங்கநாதன், 2015 இல் பிபிசி தொடருக்காக இலங்கை வந்து தன்னையே கேலி செய்தார்.

தீவகத்தில் இதற்கு நெருக்கமானவர் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி. இயக்கத்தில் இருந்து, பின் பிரான்சில் அகதியானவர். அவரது 'கொரில்லா' நாவல் அகதி விண்ணப்பமாகவே தொடங்குகிறது. துயரத்தின் நடுவிலும் எள்ளல் ஓடுகிறது. அவர் நாயகனாக நடித்த 'தீபன்' 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது.

பாலின் வீடு திரும்பினார். அகதியின் கதையையோ அதிகாரி நம்பவேண்டும்; அதுவரை வாழ்வு அந்தரத்தில். அங்கே பகிடிதான் மனிதரை நிமிர்த்துகிறது. பங்கருக்குள் நம்மவர் சொன்ன பகிடிகளையும், சொன்னவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்போம்.