லாபம் வராத இணையதளம்: இழுப்பதா, விடுவதா?

உங்களில் நிறைய பேர் கேட்ட கேள்வி இது. "சைட் ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷம் ஆச்சு, ஒண்ணும் தேறலை. தொடரலாமா, விட்டுடலாமா?" இதுக்கு வெளியாள் மாதிரி உட்கார்ந்து என்னால் யோசனை சொல்ல முடியாது. அப்படி ஒரு தளத்தை நானே ஒன்பது வருஷம் இழுத்துக்கிட்டிருந்தேன். அதை வச்சே பேசுறேன்.

2016-ல் எங்க ஊர் திருக்கோவிலூரைப் பற்றி ஒரு தளம் தொடங்கினேன். பஸ் நேரம், உலகளந்த பெருமாள் கோவில், கீழூர் வீரட்டானேஸ்வரர் கோவில், கபிலர் குன்று, நெல் விலை, மணிலா விலை. அப்போ காசு நோக்கமில்லை. அந்த ஆசை வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரைக்கும் கூகுள் ஆட்சென்ஸ் ஆதரிக்கிற மொழிகளில் தமிழ் கிடையாது. அந்த மாசம் சேர்த்தாங்க. தமிழில் எழுதிக்கிட்டிருந்தவங்களுக்கு அது தீபாவளி மாதிரி. நானும் விளம்பரம் போட்டேன், மனசுக்குள்ள ஒரு மாச வாடகையை அதுலயே கட்டிட்டேன்.

அடுத்த வருஷம், 2019 நவம்பர் 26, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. "விழுப்புரம் மாவட்டம்"னு இருந்த பக்கத்தையெல்லாம் ஒவ்வொண்ணா திருத்தினேன். எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தவும் முடியாது, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்னுடுச்சு. இருபது ராத்திரி போச்சு. அந்த இருபது ராத்திரிதான் பின்னாடி என்னை விடவிடாமல் பிடிச்சது. "இவ்வளவு பண்ணிட்டு இப்போ விடுறதா?"

கணக்கைச் சொல்றேன். கடைசி 12 மாசத்தில் விளம்பர வருமானம் 31 டாலர், சுமார் 2,600 ரூபாய். அதுவும் கையில் வராது, 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவாங்க. அப்படின்னா ஒரு தடவை பணம் பார்க்க மூணு வருஷத்துக்கு மேல். செலவு, டொமைன் 1,100, ஹோஸ்டிங் 5,100. வருஷத்துக்கு 3,600 ரூபாய் நஷ்டம். இது பெரிய தொகை இல்லைன்னு நினைச்சேன். வீட்டம்மாதான் கேட்டாங்க: "ஏங்க, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதுல உட்கார்றீங்களே, அதுக்கு என்ன கணக்கு?" வாரம் நாலு மணி நேரம், வருஷத்துக்கு 200 மணி. என் டிடிபி கடையில் ஒரு மணி நேர வேலைக்கு 150 ரூபாய் வரும். ஆக 30,000. உண்மையான நஷ்டம் அங்கதான் இருந்தது, நான் அதை எழுதவே இல்லை. உங்க கணக்குலயும் முதலில் இதைச் சேருங்க.

இனி போட்ட பணம். எங்க பக்கம் போர் போடுறவங்களைப் பார்த்திருப்பீங்க. 600 அடி போயிருக்கும், வெறும் புகைதான் வரும். "இவ்வளவு ஆச்சு, இன்னும் ஒரு 50 அடி பார்ப்போம்"னு சொல்லி 900-ல் நிப்பாட்டுவாங்க. ஏற்கனவே போட்ட 600 அடிக்கான காசு, விட்டாலும் தொடர்ந்தாலும் திரும்பி வரப்போறதில்லை. அடுத்த 50 அடியில் தண்ணி இருக்க வாய்ப்பு எவ்வளவு, அதுக்கு ஆகும் செலவு எவ்வளவு, கேள்வி இவ்வளவுதான். பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவுன்னு சொல்றாங்க. 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற ரெண்டு பேர் நாடக சீசன் டிக்கெட் வச்சு சோதிச்சாங்க. முழு விலை கொடுத்தவங்க, தள்ளுபடியில் வாங்கினவங்களை விட அதிகமா நாடகத்துக்குப் போனாங்க. நாடகம் அதேதான், கொடுத்த காசுதான் வேற.

எங்க ஊர்லயே இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் நடந்திருக்கார். 1896-ல் பதினாறு வயசுப் பையனா திருவண்ணாமலைக்குப் போற வழியில் ரமணர் கீழூரில், முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில், காதுக் கடுக்கனை அடகு வச்சு நாலு ரூபாய் வாங்கினார். மீட்க வேண்டியதில்லைன்னு, முகவரி எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ரயில் ஏறிட்டார். அது துறவி சமாச்சாரம், நமக்கு அவ்வளவு சுலபமில்லை. நான் சீட்டை ஒன்பது வருஷம் பர்ஸுலயே வச்சிருந்தேன்.

சரி, எப்போ விடுறது? கெடுவை முன்னாடியே எழுதி வையுங்க, இன்னொருத்தர்கிட்ட சொல்லியும் வையுங்க. நான் 2024 ஜனவரியில் எழுதினேன்: "டிசம்பர் 31-க்குள் மாசம் 500 ரூபாய் வரலைன்னா நிறுத்தம்." டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஆத்தைப் பற்றி என்னைக்கோ எழுதின பழைய பக்கத்துக்கு ரெண்டே நாளில் 9,000 பேர் வந்தாங்க. சைட்டுக்கு உயிர் வந்துடுச்சுன்னு கெடுவை ஆறு மாசம் தள்ளிட்டேன். ஜனவரியில் பழைய நிலைமை. ஒரு நல்ல நாளைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. வெள்ளம் வடிஞ்ச பிறகு வர்ற எண்ணிக்கைதான் உங்க எண்ணிக்கை.

ஆனா கடைசியில் என்னை நிறுத்த வச்சது கணக்கு இல்லை, ஒரு போன். ராத்திரி பத்து மணிக்கு மேல், பெரியவர் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். "தம்பி, உங்க சைட்டைப் பார்த்துத்தான் வந்தேன். 9.40-க்கு மணலூர்ப்பேட்டை பஸ்னு போட்டிருக்கு, அப்படி ஒண்ணே இல்லைன்றாங்க." அந்த ட்ரிப் நின்னு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கவனிக்கலை. வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் அவரை ஊரில் விட்டேன். அவர் திட்டக்கூட இல்லை. அதுதான் கஷ்டமா இருந்தது.

அன்னைக்குப் புரிஞ்சது, நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தேன். லாபம் இல்லாத தளம் நிற்கலாம். மதுரைத் திட்டம் 1998-லிருந்து தன்னார்வலர்களால் நடக்குது, பழைய தமிழ் நூல்களை இலவசமா கொடுக்குது. அதுல லாபம்ன்ற பேச்சே இல்லை. ஆனா பராமரிக்க ஆள் இல்லாத பஸ் நேரம் நிற்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டே கேள்வி: இதைத் தொடாமல் விட்டால் கெட்டுப்போகுமா? கெட்டுப்போனால் யாராவது மாட்டுவாங்களா? ரெண்டுக்கும் ஆமான்னா அதைத்தான் முதலில் எடுக்கணும், வருமானம் வந்தாலும் சரி. என் தளத்தில் அதிகம் பார்க்கப்பட்டதே பஸ் நேரம்தான். அதை எடுத்தேன், விலைப் பட்டியலையும் எடுத்தேன்.

மிச்சத்தை அழிக்கலை. நிறுத்துறது வேற, அழிக்கிறது வேற. 1999-ல் யாஹூ பெருந்தொகை கொடுத்து வாங்கின ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர் 26-ல் மூடினப்போ, தன்னார்வலர்கள் அவசர அவசரமா அள்ளினதுதான் மிஞ்சினது. அதனால் முதலில் முழு பேக்கப் எடுத்தேன், இன்டர்நெட் ஆர்க்கைவில் முக்கியப் பக்கங்களைச் சேமிச்சேன். வேர்ட்பிரஸ்ஸை எடுத்துட்டு எல்லாத்தையும் வெறும் ஹெச்டிஎம்எல் ஃபைலா மாத்தினேன். டேட்டாபேஸ் இல்லை, அப்டேட் தொல்லை இல்லை. கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடத்தில் இலவசமா வைக்கலாம். விளம்பரத்தையும் எடுத்தாச்சு. மேலே தேதி போட்டு "இனி புதுப்பிக்கப்படாது"ன்னு ஒரு வரி.

டொமைனை மட்டும் விடலை. டாட் காம் காலாவதியானால் சில வார அவகாசம் தருவாங்க, பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதுக்குக் கூடுதல் கட்டணம். கடைசி 5 நாள் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஊர்ப் பேரில் இருக்கிற முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுறதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. வருஷம் 1,100 ரூபாய், கேபிள் கட்டுற மாதிரி கட்டிக்கிறேன். வீட்ல ஒத்துக்கிட்டாங்க, ஞாயித்துக்கிழமை கொடுத்துட்டேன் இல்லையா.

இப்போ அங்கே 43 பக்கம் இருக்கு. கோவில், குன்று, ஆறு, அந்தக் கடுக்கன் கதை.