மஞ்சள் பட்டு உடுத்திய அத்தை

சென்னையை ஒட்டிய மதுரவாயலில் இன்றைய மேம்பாலங்களும் வாகன நெரிசலும் 1984ல் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அங்கே ஒரு கள ஆய்வுக்கூடம் இருந்தது. சுற்றிலும் மருந்துச் செடிகள். காலைச் சுற்றிவரும் ஒரு பூனைப் பட்டாளம். அவற்றுக்கு நடுவே, மஞ்சள் பட்டுப் புடவையும் அதே நிறத்தில் தொளதொளப்பான நீண்ட மேல்சட்டையும் அணிந்த ஒரு மூதாட்டி. புத்த பிக்குணி என்றே பலர் நினைத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி அவர் காலமானார். வயது 86. கடைசிவரை ஆய்வு ஓயவில்லை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. சொத்து என்று சொல்லிக்கொள்ளும்படியும் ஒன்றுமில்லை.

விஞ்ஞான உலகுக்கு அவர் டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள். தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தே அவற்றின் பூர்வீகத்தைச் சொல்லக்கூடியவர். 1977ல் பத்மஸ்ரீ பெற்றவர். தலைச்சேரியின் 'எடம்' வீட்டாருக்கோ அவர் வேறு ஆள். அப்பாவின் இரு மனைவியர் வழி பிறந்தவர்கள் மொத்தம் 19 பேர். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருத்தி எத்தனை பேருக்கு உறவாக முடியும்? சிலருக்கு அத்தை, சிலருக்குச் சித்தி, இன்னும் சிலருக்குப் பெரியம்மா. ஆங்கிலம் இத்தனையையும் ஒரே 'ஆன்ட்டி'யில் அடைத்துவிடும்.

தன்னைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. செய்த வேலை மட்டும் நிலைத்தால் போதும் என்பது அவர் கட்சி. நல்லவேளையாக உறவினர்கள் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. குடும்பத்தின் இளைய தலைமுறையைச் சேர்ந்த எழுத்தாளர் கீதா டாக்டர் போன்றவர்கள் அவரைப் பற்றி எழுதிவைத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இல்லாத ஜானகி அவற்றில்தான் கிடைக்கிறார்.

1897 நவம்பர் 4ல் பிறந்தவர். அப்பா இ.கே. கிருஷ்ணன் தலைச்சேரியில் சப் ஜட்ஜ்; தோட்டத்திலும் இயற்கை நூல்களிலும் மூழ்கிக் கிடந்தவர். அக்காமார்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். ஜானகி சென்னைக்குப் போனார். ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. முறைப் பையன் ஒருவரோடு கல்யாணப் பேச்சு நடந்தது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆசியப் பெண்களுக்கென்று தரும் பார்பர் உதவித்தொகையை அவருக்கு அளித்தது. 1924ல் கப்பலேறினார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்திவைத்தார்கள். பட்டுப் புடவை, நீண்ட கருங்கூந்தல், நிமிர்ந்த நடை. "நீங்கள் இந்திய இளவரசியா?" என்று கேட்டார்களாம். ஜானகி ஆமென்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்த கதை இது.

1931ல் மிச்சிகனில் டாக்டர் பட்டம். இந்தியப் பெண்கள் பள்ளிக்கூடம் தாண்டுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1934ல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். நம் மண்ணுக்குத் தாக்குப்பிடிக்கும் தித்திப்பான கரும்பை உருவாக்கிக்கொண்டிருந்தது அந்த நிலையம். நாணல் போன்ற காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை ஜானகி ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். 1935ல், சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஆண்களே நிறைந்த அந்த உலகில், தனியாக வாழும் பெண், அதுவும் தீயர் சாதிப் பெண், நிம்மதியாக வேலை செய்வது சுலபமாக இல்லை. அவரைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் வினிதா தாமோதரன் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். ஜானகி சண்டை போட்டு மாய்ந்துபோகவில்லை, வெளியேறினார். அவர் வாழ்க்கையில் பலமுறை நடந்தது இதுதான். ஊர் மாறும், வேலை மாறாது.

1939ல் எடின்பரோவில் மரபியல் மாநாடு. போன இடத்தில் உலகப் போர் பிடித்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகள் லண்டனில், ஜான் இன்னஸ் நிலையத்தில். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வது. விடிந்ததும் அலமாரித் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்வது. இதைப் பிற்காலத்தில் அவர் சாதாரணமாகச் சொல்வாராம். கூடவே ஓர் அணில். அதை இந்தியாவிலிருந்து புடவை மடிப்பில் ஒளித்துக் கொண்டுபோனதாகக் கேள்வி. பெயர் 'கபோக்', அதாவது இலவம்பஞ்சு. சுங்க அதிகாரிகளுக்கு இளவரசியைத் தெரிந்தது, அணிலைத் தெரியவில்லை!

1945ல், சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தயாரித்த 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்லியிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் சேர்ந்தார். கோல்சிசின் என்ற பொருள் (நம்மூர் செங்காந்தளிலும் இருப்பதுதான்) செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். அதை மக்னோலியா நாற்றுகளில் பயன்படுத்திப் பார்த்தார். அவற்றில் ஒரு வெள்ளைப் பூ வகைக்கு இன்றும் 'ஜானகி அம்மாள்' என்றே பெயர்.

1951ல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க வேண்டும். கல்கத்தாவில், சௌரங்கி பகுதியிலிருந்த அலுவலகத்துக்கு வெளியே, நீண்ட துடைப்பத்தை எடுத்துத் தெருவைத் தானே பெருக்கினாராம் அந்தச் சிறப்பு அதிகாரி. காந்தியின் மீது அவருக்கிருந்த பற்றை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

நாடு அப்போது உணவு உற்பத்தியைப் பெருக்கும் அவசரத்தில் இருந்தது. காடுகள் வயல்களாகிக்கொண்டிருந்தன. அசாமில் அந்தப் பகுதியிலேயே மிஞ்சியிருந்த ஒரே ஒரு அரிய மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார் ஜானகி. போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டிருந்தது. இதை டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். 1955ல், பூமியின் முகத்தை மனிதன் மாற்றிவருவது பற்றி அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

எழுபதுகளின் இறுதியில் கேரளத்தின் சைலண்ட் வேலியில் குந்திப்புழைக்கு அணை கட்டக் கூடாது என்று குரல் எழுந்தது. ஜானகிக்கு எண்பது வயது. மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களைப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார். அணை கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

தேசம் அவரை மெதுவாகத்தான் நினைவுகூர்ந்தது. வகைப்பாட்டியலுக்கு அவர் பெயரில் மத்திய அரசின் விருது வந்தது. 2018ல், கொடைக்கானல் ரோஜா வளர்ப்பாளர்களான கிரிஜா, வீரு வீரராகவன் தம்பதி தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சாவித்திரி பிரீதா நாயர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவர, இறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

அதுவரை அவரைக் காப்பாற்றியது உறவுக்காரர்களின் பேச்சுதான். அதில் குரோமோசோம் எண்ணிக்கை குறைவு; பூனைகள் அதிகம். மதுரவாயலில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைப் பார்த்தால் மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜானகியோ ஒன்றுக்கொன்று இருந்த மிக நுணுக்கமான வித்தியாசங்களையும் கண்டுபிடித்துவிடுவார்.